தும்பை மட்டும் சூடிய படங்கள்

தமிழ்த் திரைப்படத்தில் சண்டைக் காட்சி பெற்றிருக்கும் இடம் பாட்டு பெற்றிருக்கும் இடத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. இவ்விரண்டும் இன்றிப் படம் ஓடாது என்னும் நம்பிக்கை படம் எடுப்போரிடமும் உண்டு; பார்ப்போரிடமும் உண்டு. ஆயினும் பாட்டைப் பற்றி நிரம்ப எழுதிய நம் திறனாய்வாளர் சண்டையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அதனைச் சிறுவர் கைதட்டும் பகுதி என்று ஒதுக்கிவிட்டு, கதை, உரையாடல், நடிப்பு என்று மேலே சென்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் ஆசிரியர்க்கு உதவாது. நம் மாணாக்கர் மிகுந்த கவனத்துடன் பார்ப்பதும், மறவாமல் நினைவில் வைத்திருப்பதும், நண்பர்க்கு நடித்துக் காட்டுவதும் அந்தப் பகுதியைத்தானே?

பேராக் மாநிலத்தின் வடமேற்கில், நெல்வயலும் தோட்டமும் அடுத்தடுத்துக் கிடக்கும் கிரியான் மாவட்டத்தில் அமைந்தது பாகான் செராய். முதலில் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் என இவ்வட்டாரத்திற்குக் கொண்டுவரப்பட்ட தமிழரின் வழிவந்தோர் இங்கு வாழ்கின்றனர். சண்டைப் படத்தைச் சுவைப்பதில் இம்மக்கட்குத் தமிழ்நாட்டார்க்கு வாய்க்காத ஒரு வளம் வாய்த்தது. தமிழ்ப் படம் ஒருபுறம். ஹாங்காங்கிலிருந்து வந்த சீனப் படம் மறுபுறம். மலாய் மக்களின் சீலாட் கலை மற்றொரு புறம். இவற்றோடு தோட்டத் திடலில் முதியோர் கற்பித்த சிலம்பமும் சேர்ந்துகொண்டது. மலாயா முழுவதும் திரையரங்குகளை நடத்திய ஷா சகோதரரே ஹாங்காங்கில் குங்ஃபூ படங்களைப் பெருக்கியவர்கள். அவர்கள் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படங்களை இயக்கியவருள் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் ஒருவர். ஆகவே இக்கலப்பு நேற்று வந்ததன்று. 1962-இல் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ, பாலே நடனம் பயின்று, அந்நடனப் பயிற்சியையே முதலாகக் கொண்டு ஹாங்காங் சண்டைப் படங்களில் புகழ்பெற்று, 2023-இல் ஆஸ்கார் விருதும் பெற்றார் என்பதை நம் மாணவர் அறிவர். சண்டையும் ஆட்டமும் உறவுடையவை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று தேட வேண்டியதில்லை.

இத்துணை வளமான பயிற்சியுடைய கண்கள் எதைக் கண்டு வருகின்றன? பார்த்த படமொன்றன் கதையை எழுதுக என்று கட்டுரைப் பாடத்தில் கூறிப் பார்த்தால் விளங்கும். முதல் அடி எங்கே விழுந்தது, எத்தனை பேர் சூழ்ந்தனர், நாயகன் எந்தத் தூணைப் பற்றிச் சுழன்றான் என்பனவற்றை மாணவர் வரிசை பிறழாமல் எழுதிவிடுகின்றனர். ‘அவர்கள் ஏன் சண்டையிட்டனர்?’ என்று கேட்டால், ‘அவன் கெட்டவன், ஐயா’ என்பது விடை. இக்குறையை மாணவர் தலையில் சுமத்துதல் பொருந்தாது. படம் அவர்கட்குக் கொடுத்தது அவ்வளவே.

இந்நிலையை ஆராயத் தமிழாசிரியர் கையில் ஏற்கனவே ஓர் அளவுகோல் உள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் போர் வாழ்வை ஏழு திணைகளாக வகுக்கிறது. ஆநிரை கவர்தலாகிய வெட்சியில் பகை தொடங்குகிறது. மண்ணாசையால் படையெடுக்கும் வஞ்சி, மதிலை முற்றுகையிடும் உழிஞை எனப் பகை முதிர்கிறது. பிறகே இருபடையும் நேர் நின்று பொரும் தும்பை வருகிறது. அதன்பின் வெற்றியைப் பேசும் வாகையும், நிலையாமையைப் பேசும் காஞ்சியும், புகழைப் பேசும் பாடாணும் தொடர்கின்றன. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சியை வேறு பொருளில் ஆளும். ஈண்டுத் தொல்காப்பியர் கூறிய பொருளையே கொண்டுள்ளேன். இவ்வமைப்பில் நேருக்கு நேர் மோதும் பகுதி ஏழில் ஒன்றே என்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். முன்னே காரணம் நிற்கிறது. பின்னே விளைவு நிற்கிறது. வலிமையின் புகழ் ஒன்றையே நாடிப் பொருதலைத் தும்பை ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. எனவே சண்டைக்காகவே சண்டை என்பதை நம் முன்னோர் இழிவாகக் கருதினர் என்று சொல்வதற்கில்லை. அதனைத் தனியே விட்டுவைக்கவில்லை என்பதே செய்தி.

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இதற்கு நல்ல சான்று. முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாட வந்த நூல் அது. ஆனால் கடைதிறப்பு, காடு, கோயில், தேவி, பேய்கள், அரச மரபு என நெடுந்தொலைவு நடந்த பின்னரே போர்க்களத்திற்குப் புலவர் நம்மை அழைத்துச் செல்கிறார். போர் முடிந்ததும் நூல் முடிந்துவிடுவதுமில்லை. களத்தில் எஞ்சியவற்றைக் காட்டி, பேய்கள் கூழட்டு உண்பதைப் பாடிய பின்னரே அமைகிறார். வெற்றியைப் பாடும் நூலிலேயே அதன் விலையும் அஞ்சத்தக்க வகையில் எழுதப்பட்டிருக்கிறது. புறநானூற்றிலோ களத்தில் கிடந்த உடல்களிடையே மகனைத் தேடிச் சென்ற தாயே நம் நெஞ்சில் நிற்கிறாள். வாள் வீசிய கைகளின் நுட்பம் அங்கே பேசப்படவே இல்லை.

சண்டைப் படங்களிற் பல தும்பையை மட்டும் சூடிக்கொண்டு வருகின்றன. வெட்சியும் இல்லை, காஞ்சியும் இல்லை. கதை மெலிவு என்று நாம் பொதுவாகக் குறைகூறுவது இதனைத்தான் என்பது என் கருத்து.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். எளிய கதை வேறு. மெலிந்த கதை வேறு. 1971-இல் வெளிவந்த புரூஸ் லீயின் ‘தி பிக் பாஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். (இன்று அப்பெயரைக் கேட்டதும் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை நினைப்போரே மிகுதி; நான் சொல்வது அதனையன்று.) அதன் கதை ஓர் அஞ்சலட்டையில் அடங்கும். சீனத்திலிருந்து தாய்லாந்துக்குப் பிழைக்க வந்த இளைஞன் ஒருவன் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்தவன் அவன். அவ்வாக்கை நினைவூட்டும் பதக்கமொன்று அவன் கழுத்தில் தொங்குகிறது. பனிக்கட்டிக்குள் போதைப்பொருள் கடத்தப்படுகிறது. அதனைக் கண்டுகொண்ட உறவினர் ஒவ்வொருவராகக் காணாமற் போகின்றனர். தொழிலாளர் கொதித்தெழும்போது பதக்கம் அறுபடுகிறது. அதன் பின்னரே அவன் கை ஓங்குகிறது. அவன் வலிமையைக் கண்ட முதலாளி தரப்பு என்ன செய்கிறது? அவனையே மேற்பார்வையாளனாக்கி, விருந்து வைத்து, வாயை அடைக்கப் பார்க்கிறது.

இக்கதையைத் தோட்டத்துத் தமிழர்க்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. துணிந்து பேசும் தொழிலாளியைக் கங்காணியாக்கிப் பேச்சை நிறுத்தும் முறை அவர்கள் அறியாததா? பிழைக்கப் போன நாட்டில், முதலாளியின் பிடியில், உறவினர் வீட்டு மூலையில் ஒண்டிக்கொண்டு வாழும் வாழ்வு அவர்களுடையது. படத்தின் இறுதியில் அவன் முதலாளியைக் கொல்கிறான், ஆனால் வீட்டுக்குத் திரும்புவதில்லை, காவலரிடம் பிடிபடுகிறான். வெட்சி முதற் காஞ்சி வரை இச்சிறிய கதைக்குள் அடங்கிவிட்டது. கதை எளியது, ஆனால் ஒவ்வோர் அடிக்கும் அதில் கணக்கு உண்டு. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ படமும் அத்தகையதே. இழிவுபடுத்தப்பட்ட ஓர் இனத்தின் சினம் அங்கே ஒருவனுடைய கால்களில் இறங்கியிருக்கிறது. அவன் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்வதோடு படம் நின்றுவிடுகிறது.

இவ்வகையில் நான் மிக உயர்வாக மதிப்பது 1978-இல் லாவ் கார் லியுங் இயக்கிய ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’. இப்படத்தின் பெரும்பகுதியில் எதிரியே இல்லை. கொடுங்கோலாட்சிக்குத் தப்பி மடத்திற்குள் வந்த இளைஞன், எடுத்த எடுப்பிலேயே மிக உயர்ந்த கூடத்தில் நுழைய விரும்பித் தோற்று, அடிமட்டக் கூடத்திலிருந்து தொடங்குகிறான். நீரில் மிதக்கும் கட்டைமேல் கால்வைத்துக் கடந்தாற்றான் உணவு. கைகளில் கத்திகளைக் கட்டிக்கொண்டு நீர்க்குடம் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். ஒவ்வொரு கூடமும் ஒரு பாடம். முப்பத்தைந்து கூடங்களையும் முடித்தவன் வெளியுலக மக்களுக்குக் கற்பிக்க முப்பத்தாறாம் கூடமொன்று வேண்டுமென்று கேட்கிறான். கலை கற்றலே இங்குக் கதை. பார்வையாளன் இருக்கையின் நுனிக்கு வருவது பிறர் அடிபடுவதைக் கண்டு அன்று. ஒருவன் கற்றுக்கொள்வதைக் கண்டு!

இப்படத்தைத் தழுவித் தமிழில் ஏவி.எம். நிறுவனம் எடுத்தது ‘பாயும் புலி’. 1983 பொங்கலுக்கு வெளிவந்தது, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினிகாந்த் நாயகர். பொழுதுபோக்குப் படமென்ற அளவில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூலப்படத்தில் முதுகெலும்பாக இருந்த பயிற்சி இங்கே பழிவாங்கலுக்குச் செல்லும் வழியில் ஒரு படிக்கட்டாகச் சுருங்கிவிட்டது. கூடம் வந்தது, கற்றலின் நெடுமை வரவில்லை.

இப்போக்கு முற்றிய நிலையை 2011 தீபாவளிக்கு வந்த ‘ஏழாம் அறிவு’ காட்டிற்று. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய அப்படத்தை இவ்வட்டாரத் தமிழர் எத்துணைப் பெருமிதத்துடன் பார்த்தனர் என்பதை அறிவேன். ஆதலின் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. அதன் முற்பகுதி ஏறக்குறைய ஒரு தனிப் படம். போதிதருமர் காஞ்சியிலிருந்து சீனம் செல்கிறார், நோய் தீர்க்கிறார், தற்காப்புக் கலை கற்பிக்கிறார். அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பிய மக்கள் நஞ்சிட்ட உணவை வைக்க, அறிந்தே உண்டு மடிகிறார். காரணமும் செயலும் விலையும் அங்கே முறையாக நின்றன.

பிற்பகுதி இக்காலத்திற்கு வருகிறது. நோக்கு வர்மத்தால் கண்டோரையெல்லாம் தன் கருவியாக்கும் டோங் லீ என்னும் பகைவன் தெருவில் நடந்து வரும் காட்சிகள் உண்மையிலேயே மயிர்க்கூச்செறியச் செய்வன. வியட்நாமிய வழிவந்த ஜானி டிரை நியூயன் அவ்வேடத்தில் மிகக் குறைந்த பேச்சுடன் நிறைந்த அச்சத்தை உண்டாக்கினார். ஆனால் அவனை வெல்லப் போகிறவன் என்ன செய்கிறான்? சர்க்கசில் பணிபுரியும் அரவிந்தன் போதிதருமரின் வழித்தோன்றல். அவன் மரபணுவில் உறங்கும் முன்னோரின் ஆற்றலை ஆய்வு மாணவி ஒருத்தி எழுப்ப முயல்கிறாள். இறுதிச் சண்டையில் அடிபட்டுக் கிடப்பவனிடம் அவ்வாற்றல் விழித்துக்கொள்கிறது, விழித்தவுடன் வென்றுவிடுகிறான். எந்தக் கூடத்திலும் அவன் நீர் சுமக்கவில்லை. எந்த ஆசானிடமும் அடி வாங்கவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் தோன்றும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறுகிறார்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. முதலில் நிற்பது கல்வி. ‘ஏழாம் அறிவு’ தமிழர்க்குப் பெருமிதம் ஊட்ட வந்த படம். ஆயின் கல்வியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் குருதியை வைத்தது. ‘நம் உடம்பிலேயே இருக்கிறது’ என்று கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பும் மாணவன் மறுநாள் சிலம்பக் கூடத்திற்கு ஏன் வரவேண்டும்? கதையின் மெலிவு ஈண்டுக் கலைக்குறையாக மட்டும் நின்றுவிடவில்லை. கற்பிப்போர்க்கு எதிரான ஒரு கருத்தாகவே வளர்ந்துவிட்டது. வரலாற்றையும் சிறிது தொட்டுக்காட்ட வேண்டும். போதிதருமர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு உண்டு. மேற்றிசைப் பாரசீகர் என்னும் குறிப்பும் உண்டு. ஷாவ்லின் மடத்துச் சண்டைக் கலையை அவர் தோற்றுவித்தார் என்பதோ 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றிலிருந்து கிளைத்த மரபுச் செய்தி. வரலாற்றாசிரியர் அதனை ஏற்பதில்லை. இவற்றையெல்லாம் படம் சொல்லியிருக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்லலாம்.

குருதி வழியே கலை இறங்கும் இவ்வெண்ணம் 2020-இல் வந்த ‘பட்டாஸ்’ படத்திலும் தொடர்ந்தது. குமரி மாவட்டத்து அடிமுறைக் கலையைத் திரைக்குக் கொண்டுவந்தமைக்காக அதனைப் பாராட்டவே வேண்டும். ஆனால் சிறு களவுகள் செய்து திரியும் மகன், தன் தந்தை அடிமுறை ஆசான் என்றறிந்த பின் விரைந்து அக்கலையில் தேறிவிடுகிறான். தந்தை ஆண்டுக்கணக்கில் கற்றது மகனுக்குச் சிறிது நேரத்தில் கைவந்துவிடுகிறது.

ஒரே கலை, ஒரே இயக்குநர், ஒரே பாத்திரம். கதை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை அறிய நமக்கு அரியதோர் ஒப்பீடு கிடைத்துள்ளது. 1996-இல் வந்த ஷங்கரின் ‘இந்தியன்’ படத்தில் சேனாபதி என்னும் முதியவர் வர்மக்கலையால் கையூட்டு வாங்குவோரைத் தண்டிக்கிறார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் போரிட்டவர் அவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்தோரை அறிந்த நமக்கு அவர் அயலார் அல்லர். அவருடைய சண்டை சிலநொடிச் சண்டை. இரு விரல்கள் போதும். கையூட்டுக் கொடுக்க மறுத்ததால் மகளை இழந்தவர் அவர். கையூட்டு வாங்கிப் பழுதான பேருந்துக்குச் சான்றளித்துக் குழந்தைகள் மடியக் காரணமான மகனை இறுதியில் தம் கையாலேயே கொல்கிறார். அவர் வழங்கும் தண்டனை முறையை நான் ஏற்கவில்லை. எனினும் அதன் விலையை அவரே செலுத்தினார் என்பதை மறுக்க முடியாது. 2024-இல் ‘இந்தியன் 2’ வந்தது. வர்மம் பெருகிற்று, குற்றவாளிகள் குதிரைபோல் ஓடினர், புதிய புதிய விரல் நுட்பங்கள் காட்டப்பட்டன. இம்முறை சேனாபதி நெஞ்சைப் பிளக்கும் எதையும் இழக்கவில்லை. படம் தோல்வியுற்றது. மக்கள் சண்டையைத்தான் விரும்புகின்றனர் என்று கூறுவோர் இத்தோல்விக்குக் காரணம் கூற வேண்டும்.

இதற்கு மறுப்பு ஒன்று எழும் என்பதை அறிவேன். குங்ஃபூ படத்தில் கம்பனைத் தேடுவது முறையா? பாலே ஆட்டத்தில் கதை மெலிந்திருந்தால் யாரேனும் குறைகூறுகின்றனரா? 2011-இல் இந்தோனேசியாவில் எடுக்கப்பட்ட ‘தி ரெய்ட்’ படத்தில் ஒரு கட்டடத்திற்குள் நுழைந்த காவலர் வெளியேறப் போராடுவதைத் தவிரக் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. உலகமே வியந்து பார்த்ததே? இம்மறுப்பில் உண்மை உண்டு. மனித உடல் தன் எல்லையைத் தொடும் காட்சி தனித்தே சுவையுடையது. மருட்கை என்னும் மெய்ப்பாட்டுக்குப் புதுமையே ஒரு நிலைக்களன். ஆயினும் அப்படத்திலும் மாடிக்கு மாடி வெளியேறும் வழி அடைபடுகிறது. ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் வீரர் குறைகின்றனர். இழப்பு அங்கே எண்ணிக் காட்டப்படுகிறது. நம் படங்களில் நூறு பேரை அடித்தவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாடப் போய்விடுகிறான். 2022-இல் நம் நாட்டில் வசூற் சாதனை புரிந்த மலாய்ப் படமாகிய ‘மாட் கிலாவ்’ குறித்தும் இத்தகைய விவாதமே எழுந்தது. சீலாட் காட்சிகளைப் புகழாதவர் இல்லை. பாத்திரங்கள் நல்லவர், தீயவர் என்று தட்டையாக நிற்பதைச் சுட்டியவரும் பலர்.

சண்டைக் கலைஞர்மேல் இக்குறையை ஏற்றுவது பெரும் பிழையாகும். 2023-இல் மறைந்த ஜூடோ கே.கே. ரத்னம் நூற்றுக்கணக்கான படங்களுக்குச் சண்டை அமைத்தவர். ‘முரட்டுக்காளை’யின் ரயில் சண்டையை இன்றும் பேசுகிறோம். கைகால் முறியும் தொழிலில் உடலை ஈடாக வைத்தவர் அவரும் அவர்தம் குழுவினரும். அவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். தாளில் எழுத வேண்டியவர்தாம் எழுதவில்லை.

நம் மண்ணிலேயே எழுதிக் காட்டிய ஒருவர் உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’, மறு ஆண்டில் சிறந்த மலேசியப் படமென்று விருது பெற்றது. தோட்டத்தை இழந்து வெளியேறிய மக்களிடையே 1990-களின் தொடக்கத்தில் வளரும் அப்போய் என்னும் சிறுவனின் கதை அது. அவன் சிற்றப்பன் ஒருவன் குண்டர் கும்பலில் இருக்கிறான். அங்கும் அடிதடி உண்டு. ஆனால் அது குறுகியது, அழகற்றது, யாரும் பறப்பதில்லை. அடி விழுந்த பின் எழும் மௌனம் அடியைவிட நீளமானது. சண்டைப் படமென்று யாரும் அதனைச் சொல்லார். எனினும் சண்டை என்பது ஒரு சிறுவனை எப்படி ஈர்க்கிறது, ஈர்த்து என்ன செய்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படத்தை நான் கண்டதில்லை.

பரபரப்பான சண்டையும் வேண்டும், கதையும் வேண்டும் என்போர்க்கு இந்நாட்டுத் தமிழர் வரலாற்றிலேயே பொருள் கிடக்கிறது. கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நாளெல்லாம் உழைத்த கூலியை விழுங்கிய கள்ளுக்கடையை எதிர்த்துத் தோட்டத்து இளைஞர் அணிவகுத்தனர், படைப்பயிற்சி செய்தனர், போலீசாருடன் மோதல்கள் நிகழ்ந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. அப்பயிற்சியைக் கண்டவர்களின் பிள்ளைகளும் இன்று முதியோராகிவிட்டனர். தாம் கேட்டறிந்ததைச் சொல்லக்கூடியவர் கெடாவிலும் பேராக்கிலும் எஞ்சியிருக்கும் போதே, நம் மேல்வகுப்பு மாணவர் சிலர் ஏடும் எழுதுகோலுமாய் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்லலாம். திரைக்கதை எழுத விரும்பும் மாணவர் எவரேனும் அவர்களுள் இருப்பின் இன்னும் நன்று.